கேட்டுவிட்டு நீட்டும் கழுத்து

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நீ மட்டும்தான் பேசுவதில்லை. கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று உன் மகள் போனில் சொன்னாள். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், பட்டறையில் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் கைநழுவி விழுந்ததாமே. இதை எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எட்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, முதுகெலும்புக்குள் வைக்கிற சாமான்களைத்தான் உன் தம்பி விற்கிறான் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா?

கவலைப்படாதே. உன் டாக்டர் எனக்குப் பழக்கம். பேசிவிட்டேன். கெட்டுப்போன தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில், எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்கிற எங்கள் கம்பெனியின் டைட்டானியம் கூண்டை வைத்து, இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்ட வைத்துவிடுவார். இருபத்தெட்டாம் தேதி. நீ வந்து படுத்தால் போதும்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதி இருக்கிறது, சாமான் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதாக மட்டும் எங்கேயும் காணோம்.

"நீ வந்து படுத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷத்துக்கு முன்னால், "மாப்பிள்ளைய நான் விசாரிச்சுட்டேன்க்கா, நீ கழுத்த நீட்டினா போதும்" என்றாயே, அதே குரல். நீட்டினேன். நீ விசாரித்த லட்சணம், மூன்றே வருஷத்தில் கைக்குழந்தையும் ஒரு பெட்டியுமாக வெளியே வந்தேன். அந்தக் கழுத்துதான் இது. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் நீட்டுவேன்.

பதினேழு வருஷமாக லேத்தில் குனிந்து நிற்கிறவள் நான். டைட்டானியத்தையும் கடைந்திருக்கிறேன். சூடு ஏறினால் அது வெட்டுகிற டூலைத் தின்றுவிடும், கிட்டத்தட்ட என் சுபாவம். ஆகவே ஒழுங்காகப் பதில் எழுது. அவ்வளவு விறைப்பான உலோகம் எலும்புகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எலும்புக்குள் அமிழாதா? பீக் என்று ஒரு பிளாஸ்டிக் இருக்கிறதாம், அதன் விறைப்பு எலும்பை ஒட்டியே இருக்குமாம். அதை ஏன் சொல்லவில்லை? என் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டு வெட்டி வைக்கலாமாமே, அதையும் ஏன் விழுங்கிவிட்டாய்?

தம்பியாக எழுதுகிறாயா, விற்பனைக்காரனாக எழுதுகிறாயா என்று முதல் வரியிலேயே குறித்துவிடு.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியாகத்தான் எழுதுகிறேன், கோபத்தோடு.

குடமும் வாளியும் செய்கிற பிளாஸ்டிக்கையா கழுத்துக்குள் வைப்பாய்? அது எலும்போடு ஒட்டவே ஒட்டாது. இடுப்பில் வெட்டினால் கழுத்து வலி போய் இடுப்பு வலி வரும், மாதக்கணக்கில் நொண்டுவாய். எத்தனை ஆபரேஷனை அறைக்குள்ளேயே நின்று பார்த்தவன் நான். லேத்தில் நிற்பதும் அங்கே நிற்பதும் ஒன்றா?

பழசைக் கிளறாதே. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லாத வீட்டில் நீதான் ஆம்பளை என்று எல்லாரும் என் தலையில் கட்டினார்கள். அன்றைக்குத் தெரியாமல் செய்தேன். இது தெரிந்து செய்வது. அடம் பிடிக்காதே அக்கா, நரம்பு உனக்காகக் காத்திருக்காது.

தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தேன். "உங்க தம்பி எல்லாம் முடிவாயிடுச்சுன்னு சொன்னாரே" என்றார். "கழுத்து என்னோடது டாக்டர்" என்றேன். மனுஷர் சிரித்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து டைட்டானியம் ஒன்று, பீக் ஒன்று என்று இரண்டு கூண்டுகளை எடுத்து வைத்தார். இரண்டும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

எக்ஸ்ரே படங்களையும் காட்டினார். டைட்டானியம் வைத்த படத்தில் உலோகம் வெள்ளையாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே எலும்பு வளர்ந்ததா என்று பார்ப்பது சிரமம். பீக் வைத்த படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. அது வழவழப்பாக இருப்பதால் எலும்பு பிடிக்கத் தயங்கும் என்பது நிஜம். ஆனால் ஒட்டவே ஒட்டாது என்று நீ எழுதினாயே, அது பொய். அதற்கு மேல்பூச்சு போட்டும் வருகிறதாம். இடுப்பு விஷயத்தில் நீ சொன்னது பாதிதான். வலி உண்டு, ஆனால் ஒட்டுவதில் சொந்த எலும்பை அவர் துளியும் குறை சொல்லவில்லை.

"அப்ப எதுதான் டாக்டர் நல்லது?"

"பெரும்பாலானவங்களுக்கு எல்லாமே ஒட்டிடுதும்மா. இது ஒண்ணுதான்னு யாராவது அடிச்சுச் சொன்னா, அவர் எதையோ விக்கிறார்னு அர்த்தம்."

நான் உன் பெயரை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

டைட்டானியத்தைக் கையில் வைத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தேன். மரத்த விரலுக்குக்கூட அதன் சொரசொரப்பு தெரிந்தது. ரஸ்க் மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. அதனால் விறைப்பும் குறையும், எலும்பும் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும் என்றார். என் எலும்பு நல்ல அடர்த்தியாக இருப்பதால் அமிழும் பயமும் குறைவாம். படத்தில் மறைக்கும் என்பதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். டைட்டானியம்தான்.

குதிக்காதே. உன் கம்பெனியுடையது இல்லை. வேறொரு கம்பெனி செய்தது.

நாளைக்கு இது கோணிக்கொண்டால் டாக்டரைத் திட்டிக்கொள்வேன், என்னையே திட்டிக்கொள்வேன். உன்னைத் திட்டும்படி ஆகக் கூடாது. முதல் தடவை செய்ததற்கே உன்னை இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டாவதுக்கு என்னால் ஆகாதுடா.

சம்மதப் படிவத்தில் 'நோயாளி சார்பில்' என்ற இடத்தில் உன் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அடித்துவிட்டேன். என் கையெழுத்தைப் போடப் போனால் பேனா மூன்று தடவை நழுவியது. "கைநாட்டு வச்சிடுங்களேம்மா" என்றாள் நர்ஸ். மாட்டேன் என்றேன். நாலாவது தடவை போட்டேன். கோணலாக இருந்தாலும் முழுப் பெயர்.

அதற்கு அடியில் 'சாட்சி' என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் வேறு யாரும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆபரேஷன் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வந்துவிடு. படிவம் முழுவதையும் படி. பிறகு எனக்குக் கீழே கையெழுத்துப் போடு.

உன் அக்கா