மூக்கி பெட்டியில் வருகிறாள்

பிப்ரவரி 4

அன்புள்ள ஸ்பேனர் தம்பிக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி இறங்குகிறது. சில எழுத்து பூசணிக்காய் அளவு, சில எழுத்து மிளகு அளவு. பொறுத்துக்கொண்டு படி. இந்த முதல் பத்தியை முடிக்கவே நேற்று முழுக்க ஆனது.

ஆமாம், எழுதுவது நானேதான். தலையெழுத்தைத் தவிர வேறு எழுத்தே இல்லாத ஆள் என்று விமான ஹேங்கரில் எல்லோர் முன்பும் என்னைச் சொல்வாயே, அந்தச் சோப்புதான். எழுபத்தொரு வயதில் படித்துவிட்டேன். போன வருஷம் மகள் என்னை நூலகத்து மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டாள். டீச்சர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. முத்திரை குத்துவது போலத்தான் திருத்துவார். முதல் மாதம் ஒரே கண்ணீர், எனக்கல்ல, அவருக்கு. இப்போது தெருவில் இறங்கினால் ஒரு பலகையையும் விடுவதில்லை. சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன் என்று மகள் பத்தடி தள்ளி வருகிறாள்.

அப்படிப் படித்ததில் கிடைத்த சேதி இது. வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு மாடல் கடை. கப்பல், டாங்கி, விமானம் என்று எல்லாம் துண்டு துண்டாகப் பெட்டியில் இருக்கும், பெரியவர்கள் வாங்கிப்போய் ஒட்டிச் சேர்ப்பார்கள். கண்ணாடியில் புதிதாக ஒரு படம். நின்று எழுத்துக்கூட்டினேன். ‘விரைவில் வருகிறது.’ படத்தில் யார் என்கிறாய்? நம் மூக்கி. அதே நீள மூக்கு, அதே வெள்ளி உடம்பு, வாலில் பதினேழு. நம் பதினேழாம் நம்பர் ஜெட்டேதான், தம்பி. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைக்காரர் வெளியே வந்து, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நாற்காலி போட்டார்.

அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்காம். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வருவாள். கூடவே ஒரு தாள் வருமாம். அதில் எழுத்துகள் இருக்கும், தண்ணீரில் ஊறவைத்து எடுத்து உடம்பில் ஒட்ட வேண்டும். அசல் விமானத்தில் எங்கெங்கே என்னென்ன எழுதியிருந்ததோ அத்தனையும் அதில் உண்டாம். பத்தொன்பது வருஷம் அவளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அவள் மேல் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் தேய்த்திருக்கிறேன். எதுவும் என்ன சொல்கிறது என்று தெரியாமலே தேய்த்திருக்கிறேன்.

அங்கேதான் பயம் பிடித்தது. உனக்குத் தெரியும். மூக்குக்குக் கீழே மூன்று சின்ன ஓட்டைகள். அவள் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறாள், உயரமும் வேகமும் பைலட்டுக்குத் தெரிவது அதனால்தான் என்று நீதான் சொன்னாய். நான் கழுவுமுன் நீ அதன் மேல் சிவப்பு நாடா ஒட்டுவாய், கழுவியதும் எடுப்பாய். அன்றைக்குச் சிவப்பு நாடா இல்லை. தேவையில்லை போலும் என்று நானும் நுரையைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் முள் எல்லாம் தப்பாகக் காட்ட, பைலட் ஐயா தரையில் மோதி இறங்கினார். இடுப்பு உடைந்தது. ஓட்டைக்குள் என் சோப்புத் தண்ணீர் போனதுதான் காரணம் என்று இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் கல்.

ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்ததே, அது என்ன என்று அன்றே கேட்டேன். “அது உங்களுக்கான எழுத்து இல்ல அண்ணே” என்றாய். இப்போது நானே படிக்கப் போகிறேன். ‘இங்கே கழுவாதே’ என்று இருந்துவிட்டால் என்ன செய்வேன் தம்பி?

இப்படிக்கு,
சோப்பு

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் பார்த்துப் பெருமகிழ்ச்சி. வாசலில் நின்றே படித்தேன். மருமகள், யார் மாமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

எனக்கு முட்டி வலி. மகன் வீட்டில் மாடிப்படி அதிகம். மற்றபடி குறையில்லை.

அண்ணே, அந்தப் பெட்டியெல்லாம் நமக்கு எதற்கு? பசை வாசனை மூச்சுக்கு ஆகாது. துண்டுகள் நெல்மணி அளவு இருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டைக்குப் பக்கத்தில் பெயிண்ட் நம்பர் மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். முடிந்துபோனதைக் கிளற வேண்டாம். கதைப் புத்தகம் வாங்கிப் படியுங்கள். அண்ணி இருந்திருந்தால் உங்களைப் பார்த்துப் பூரித்திருப்பார்.

அன்புடன்,
ஸ்பேனர்

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடி வேண்டாம் என்று மகனிடம் சொல்ல வாயில்லையா உனக்கு? ஹேங்கரில் என்னை மட்டும் வாய் வலிக்கத் திட்டுவாயே.

பெயிண்ட் நம்பர் என்று எழுதியிருக்கிறாய். நம்பர் என்றால் எனக்கு அன்றைக்கே தெரியுமே. பஸ் நம்பர் பார்த்துத்தானே வேலைக்கு வந்தேன்? உனக்கும் வயதாகிவிட்டது, மறந்திருப்பாய்.

மூக்கி இன்னும் வரவில்லை. பத்தாம் தேதி என்றார்கள், பிறகு இருபது, இப்போது கப்பல் தாமதமாம். தினமும் வகுப்புக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடையை எட்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டுகிறார். வந்ததா இல்லையா என்று நான் கேட்பதே இல்லை. உண்மையைச் சொன்னால், இல்லை என்று அவர் தலையாட்டும்போது பாதி நிம்மதியாகத்தான் இருக்கிறது. மகள் பூதக்கண்ணாடி வாங்கித் தந்திருக்கிறாள். அதை வைத்து மாத்திரை அட்டையைப் படித்துப் பழகுகிறேன். சாயம் அடிக்க எனக்கு வராது, ஆனால் கழுவி வைப்பேன். துண்டுகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டுமாம், அப்போதுதான் பசை பிடிக்குமாம். கடைக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலை என்னை விடவில்லை பார்.

இன்னொன்று சொன்னார். பெட்டிக்குள் சின்னப் புத்தகமும் உண்டாம். பதினேழாம் நம்பர் எப்போது வந்தது, யார் ஓட்டினார்கள், ஏன் நின்றுபோனது, எல்லாம் பழைய ஆவணங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். அப்படியென்றால் அந்த விபத்து விசாரணையும் வரும். நீ எனக்காக ஒரு தாளில் எழுதினாயே, ‘இன்ன நேரத்தில் கழுவினேன், போனேன்’ என்று படித்துக் காட்டினாயே, நான் கைநாட்டு வைத்தேனே, அதைக்கூடப் பார்த்திருப்பார்கள். அதன் பிறகுதானே என்னைக் கேன்டீனில் தட்டுக் கழுவ அனுப்பினார்கள்? எழுத்துத் தெரியாதவர்கள் விமானத்துப் பக்கம் வரக் கூடாது என்று புது ரூல் என்றாய். அந்த வார்த்தைதான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை வகுப்புக்குத் துரத்தியது. இப்போது யாரும் என்னைத் தடுக்க முடியாது. ஆனால் கிட்டே போகத்தான் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
சோப்பு

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முட்டியா, கோபமா?

கப்பல் வந்துவிட்டது. பெட்டிகள் கிடங்கில் இருக்கின்றனவாம். இன்னும் பத்து பன்னிரண்டு நாள். இன்று வகுப்பில் ஒரு எழுத்தும் ஓடவில்லை. டீச்சர் என்ன என்று கேட்டார். ஒரு பரீட்சை முடிவு வர வேண்டியிருக்கிறது என்றேன்.

தனியாகப் பிரிக்கத் தைரியம் இல்லை. நீ ஒரு வரி எழுது.

சோப்பு

மார்ச் 16

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எழுத்துத் தெரிந்தவனுக்கு எழுதுவது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

புத்தகத்தில் நீங்கள் படிக்குமுன் நானே சொல்ல வேண்டும். அன்றைக்குச் சிவப்பு நாடா தீர்ந்திருந்தது. நான் வெள்ளி நாடாவை வெட்டி ஒட்டினேன். மூக்கியின் நிறமும் அதே வெள்ளி. நுரைக்குள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓட்டைக்குள் உங்கள் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. கழுவி முடிந்ததும் நாடாவை நான் எடுத்திருக்க வேண்டும். ஓய்வறையில் சீட்டாட்டம். ஒரு கை ஆடிவிட்டு வருவோம் என்று உட்கார்ந்தேன். பிறகு எடுத்துவிட்டதாகக் கையெழுத்தும் போட்டேன். எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

விசாரணையில் நாடாவைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த மாதம் ஃபோர்மேன் பதவி வர இருந்தது. உங்கள் வாக்குமூலத்தை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். நான் உங்களுக்குப் படித்துக் காட்டியது வேறு, எழுதியது வேறு. ‘சிவப்பு நாடா இல்லாததால் மெக்கானிக் போன பிறகு நானே வேறு நாடா ஒட்டினேன், எடுக்க மறந்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தேன். அதன் கீழேதான் உங்கள் கைநாட்டு. எழுத்துத் தெரியாதவர்களைப் பற்றி ஒரு ரூலும் வரவில்லை. உங்களை வேலையை விட்டே அனுப்ப இருந்தார்கள், நான் பேசிக் கேன்டீனுக்கு மாற்றினேன். அதையே பெரிய தர்மம் என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நீங்கள் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மடியில் கனம், அண்ணே. உங்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தகுதியில்லை. பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஸ்பேனர்

ஏப்ரல் 9

ஸ்பேனர் தம்பிக்கு,

பதில் எழுத நாளானது. இந்தத் தடவை கை மெதுவாக ஓடுவதால் அல்ல.

உன் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு கடிதம் எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து அடிக்கிறது. மகளிடம் காட்டவில்லை. எட்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. பதின்மூன்று வருஷம் தட்டுக் கழுவினேன். நீ ஃபோர்மேன் ஆன அன்று உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தந்தவன் நான். என் சோப்புத் தண்ணீர்தான் காரணம் என்பதை உன் அண்ணி ஒரு நாளும் நம்பவில்லை. “இவரு அரைகுறையா வேலை செய்யுற ஆளே இல்ல” என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அவளை அடக்குவேன், உனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று. அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்ல இனி வழியில்லை. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை, தம்பி. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

பெட்டி மார்ச் கடைசியில் வந்தது. கடைக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்தார். மூன்று நாள் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

புத்தகத்தில் பதினேழுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘தரையிறங்கும்போது சேதமடைந்தது, அதன் பின் பறக்கவில்லை.’ அவ்வளவுதான். விசாரணை இல்லை, நாடா இல்லை, நீ இல்லை, நான் இல்லை. நான்கு தடவை தேடினேன். இன்னும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாய். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கடிதம் வந்த பிறகு முதல் சிரிப்பு அதுதான்.

எழுத்துத் தாளையும் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்து, விளக்கைச் சாய்த்து, அரை மணி நேரம். ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வரி இதுதான். ‘துளைகளை மூடி வைக்காதே. பறக்குமுன் மெக்கானிக் பார்த்து உறுதி செய்க.’ அது எனக்கான எழுத்தே இல்லை. அன்றைக்கு நீ சொன்னாயே, அந்த ஒன்றில் நீ பொய் சொல்லவில்லை.

கல் இறங்கிவிட்டது. இருபத்தாறு வருஷம் கழித்து. அதை இறக்கியது புத்தகம் அல்ல, உன் கடிதம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஒன்று, பைலட் ஐயாவுக்குக் கடிதம். இடுப்பு ஏன் உடைந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டும். நீ எழுது. நானும் கீழே பெயர் போடுகிறேன். ஆனால் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். கைநாட்டு இனி கிடையாது.

இரண்டாவது, மூக்கி. மகளும் கடைக்காரரும் உதவ, உடம்பு சேர்ந்துவிட்டது. துண்டு முழுக்க நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். இறக்கை கொஞ்சம் கோணல். எழுத்தெல்லாம் ஒட்டியாயிற்று, நூற்றுக்கும் மேல். மூன்று ஓட்டையும் கடுகில் பாதிதான் இருக்கின்றன. அதன் மேல் சிவப்பு நாடாவை நூல் போல வெட்டி ஒட்டியிருக்கிறேன், வால் தொங்க. வருகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்துவிடலாமே என்கிறார்கள். நான் விடவில்லை. அதை எடுக்க வேண்டியவன் நீ. வந்து எடு.

எங்கள் வீட்டுக்கு மாடிப்படி இல்லை. உன் ஊரிலிருந்து நேராக ஒரு பஸ் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். பஸ் நிலையத்துப் பலகையை நானே போய்ப் படித்து, நேரத்தையும் நம்பரையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

சோப்பு