பிளேட் நன்றாகத்தான் இருந்தது

அம்மணி,

இன்று காலை ஒரு காரின் கியர் பாக்ஸை இறக்கினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால், திறந்ததுமே கருகிய வாடை மூக்கில் ஏறும். ஒன்றும் வரவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். பிளேட் நன்றாகத்தான் இருந்தது. கிளட்ச் கேபிள்தான் தளர்ந்திருந்தது. பிளேட் போய்விட்டது என்று மறுபடியும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். உடனே பட்டறையில் நீ உட்காரும் முன்மேசையைத் திரும்பிப் பார்த்தேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த அன்னூர்த் தோட்டக்காரரை உனக்கு நினைவிருக்கும். கியர் விழவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தார். பிளேட் போய்விட்டது என்றேன். விலையும் பேசி முடித்தோம். அரை நாள் வேலை பார்த்து இறக்கினால், பிளேட்டில் குறையே இல்லை. கேபிள்தான் இழுபட்டிருந்தது. கழற்றியது கழற்றியாயிற்று, பேசியபடி புதுசையே போட்டுவிடலாம், அவருக்கும் நல்லதுதானே என்று உன்னிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் வந்ததும் எழுந்து நின்றாய்.

"பிளேட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. எங்கூட்டுக்காரரு தப்பாப் பாத்துக் கழட்டிப்போட்டாருங்க. கேபிளுக்கு மட்டும் குடுங்க, போதும்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அரை நாள் கூலியாவது கேட்டிருக்கலாமே என்று அவர் போனபின் சத்தம் போட்டேன். "நம்ம தப்புக்கு அவரு எதுக்குங்க குடுக்கோணும்?" என்றாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அவர் அப்புறம் வரவே இல்லை. பெரியநாயக்கன்பாளையத்துக்காரனுக்கு வேலை தெரியாது என்று என்னைப் பற்றி ஊரில் சொல்கிறாராம் என்று பிறகொரு நாள் உன்னைக் குத்திக்காட்டினேன். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போடத் தொடங்கினாய்.

நீ செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உனக்கு எடுத்த முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அதற்கும் பணம் கட்டிவிட்டுத்தானே வந்தோம். என் அரை நாளுக்கு மட்டும் ஏன் விலையில்லை? ஆனால் நல்ல பிளேட்டைத் தூக்கிவிட்டுப் புதுசைப் போட நினைத்தேனே, அது வேறு. இரண்டையும் எங்கே பிரிப்பது என்றுதான் பிடிபடவில்லை.

இன்றைய காருக்குச் சொந்தக்காரர் ஆறு வருடமாக நம்மிடம் வருகிற ரிட்டையர்டு வாத்தியார். மதியம் வந்தார். கூலி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "பிளேட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்று வந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் வண்டியின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப, போன வருசம் மாத்துனதெல்லாம் மாத்த வேண்டியதுதானுங்களா?"

அது நீ ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் செய்த வேலை. என் கை எதைக் கழற்றியது, எதைப் பூட்டியது என்று எனக்கே நினைவில்லை. ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பார்.

"தெரியலீங்க" என்றேன்.

கேபிளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, வாரேனுங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

இனி வருவாரா, தெரியாது. இன்று உண்மையைச் சொன்னதால் போனாரா, அந்த மாதத்து வேலையில் பொய் இருந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் போனாரா, அதுவும் தெரியாது. நீ இருந்தால் ஒரே பேச்சில் முடித்திருப்பாய். உன் தெளிவு எனக்கு வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் வருகிறது. முன்பு அதுவும் வந்ததில்லை, அம்மணி.