காளைக்கு ஒரு ரசீது

செகொண்டி
ஞாயிறு

அன்பு மகள் எவுராமாவுக்கு,

அப்பா நலமாகத்தான் இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், வேலைக்குப் போகிறேன், மீட்டர் சரியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள். எதிர்வீட்டு மெர்சி அக்கா தினமும் புளித்த சோளமாவுக் கெங்கேயும் பொரித்த மீனும் கொடுத்தனுப்புகிறாள். அவள் எங்கள் தண்ணீர் நிலையத்துக்கு எதையும் விற்பவள் இல்லை என்பதால் பயமில்லாமல் சாப்பிடலாம். வின்னிபெக்கில் நீ நலமா, குளிருக்கு அந்தத் தடித்த கோட்டைப் போடுகிறாயா?

போன கடிதத்தில் அம்மாவின் கல்லறைக் கல் எப்படி வந்திருக்கிறது, போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். கல் இன்னும் வரவில்லை மகளே. முதல் வருஷ நினைவுநாளுக்குள் வரவும் வராது. அது காளையாகிவிட்டது. சிரிக்காதே, முழுக்கப் படி.

விசா கிடைக்காமல் நீ வரமுடியாமல் போன அந்தச் சாவுச் சடங்கில் உன் எபோ மாமாதான் மைக் பிடித்தார். யார் என்ன கொண்டுவந்தாலும் பெயரைச் சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேவகிருபை பம்ப் கம்பெனியின் முதலாளி, பென்ட்சில் என்பவர், கழுத்தில் கறுப்பு ரிப்பன் கட்டிய ஒரு காளையோடு வந்தாராம். மாமா அதை மூன்று தடவை மைக்கில் சொன்னாராம். நான் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தக் காளையை ஊரே சாப்பிட்டது. எங்கள் அலுவலகமும் சாப்பிட்டது. சப்ளையரிடம் பேனாவும் காலண்டரும் தவிர எதையும் வாங்கக்கூடாது என்று விதி எழுதிய எங்கள் மேலதிகாரி மேடம் பிலோமினா, அந்தக் காளைக்கறி லைட் சூப்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்ததாக மாமா சத்தியம் செய்கிறார்.

போன மாதம் அதே கம்பெனியின் குளோரின் பம்ப் மூன்று என் மேஜைக்குச் சோதனைக்கு வந்தது. ஆறு மணி நேரம் ஓடியதும் மூன்றுமே குளோரின் ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டன, ஆனால் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது. இதை வாங்கினால் ஊர் முழுக்க வெறும் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும். அப்படியே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் பென்ட்சில் ஒரு அன்பான கடிதத்தை, எனக்கு இல்லை, மேடத்துக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் பொறியாளரின் துக்கத்தில் பங்கெடுக்க அனுமதித்ததற்கு நன்றி என்று. கூடவே காளையின் போட்டோ. என்ன ஒரு மனிதாபிமானம் பார். என்னை விலைக்கு வாங்க அவர் முயற்சி செய்யவே இல்லை. பரிசு வாங்கியவன், அது மேலதிகாரிக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஆறு மாதம் அந்தக் கம்பெனி விஷயத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று விதி சொல்கிறது. என்னைத் தள்ளிவிட்டால் என் இடத்தில் ஜோஜோ. அவன் பச்சை விளக்கைப் பார்த்தாலே பாஸ் போடுகிறவன்.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, துக்கம் துக்கம்தான், விதி விதிதான்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். பொருளின் தற்போதைய நிலை என்ற கேள்விக்குச் சாப்பிட்டாயிற்று என்று எழுதினேன். மேலதிகாரிக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு, ருசி தெரியும் என்று எழுதினேன். அவர் முகம் கடுத்து, "உனக்குக் கிண்டல் வேறயா" என்றார். அப்புறம் மிஷின் புத்தகம் படிக்கிற மாதிரி அந்த விதியை வரி வரியாகப் படித்தேன். விஷயம் தெரியவந்த பதினான்கு நாளுக்குள் அதே மாதிரிப் பொருளைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்தவரிடம் ரசீது வாங்கிவந்தால் பரிசு வாங்காததாகவே கருதப்படும் என்று ஏழாவது பத்தியில் இருக்கிறது. கிறிஸ்மஸ் பிஸ்கட் கூடைகளை நினைத்து எழுதிய பத்தி. "இதுவரைக்கும் ஒருத்தனும் திருப்பிக் குடுத்ததில்லையேப்பா" என்றார் மேடம். அவர் கவலைப்பட்டது எனக்காகவா பிஸ்கட்டுக்காகவா தெரியவில்லை.

கல்லுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மாமாவோடு மாட்டுச்சந்தைக்குப் போய் ஒரு காளை வாங்கினேன். ரிப்பன்கூட வாங்கினோம், அதே மாதிரிப் பொருள் என்றால் அதே மாதிரி இருக்கவேண்டாமா. கம்பெனி வாசலில் இருந்த பெண், "ஐயா, இங்கல்லாம் மாடு விடக்கூடாது" என்றாள். "உங்க முதலாளி எங்க வாசல்ல விட்டாரே, நாங்க கூடாதுன்னா சொன்னோம்?" என்றார் மாமா. காளை அவர்கள் பூந்தொட்டியைத் தின்ன ஆரம்பித்தபோது பென்ட்சில் ஓடிவந்தார். "அண்ணே, சாவுக்குக் குடுத்ததத் திருப்பக்கூடாதுண்ணே, சாவு மறுபடி வீடு தேடி வரும்" என்றார். "வரட்டும், வரும்போது என் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரச்சொல்லு" என்றேன். ரசீது கிடைக்கும்வரை காளையின் கயிற்றை இழுக்கமாட்டேன் என்று மாமா ரசீதுப் புத்தகத்தை நீட்டினார், அடுத்த பூந்தொட்டி காலியாவதற்குள் பென்ட்சில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் மூன்று பம்பும் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். ஜோஜோ இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் உன் அம்மாவின் கல்லைக் கொடுத்துவிட்டேன். அதற்கு நீ திட்டலாம், எழுதித் திட்டு. நேற்று கல்லறைக்குப் போனேன். வெறும் சிமென்ட் மேடு, பெயர்கூட இல்லை. பம்புக்கு எண் எழுதுகிற எழுத்து வெட்டிய தகட்டைக் கொண்டுபோய் நீலப் பெயிண்டில் அட்வோபா எசில்ஃபி என்று அடித்தேன். 'பா' மட்டும் கொஞ்சம் வழிந்துவிட்டது. என்னையும் குழாய் லிஸ்டில் சேர்த்துட்டியா என்று உன் அம்மா கேட்டிருப்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் மகளே, பக்கத்தில் யாரும் இல்லை.

கடவுள் உன்னை அந்தப் பனியிலும் சுகமாக வைத்திருக்கட்டும், படிப்பு நல்லபடி முடியட்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீ வேலை பழகும் மருந்துக்கடைக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் பேனா கொடுத்தால் வாங்கிக்கொள், பசுவோ காளையோ கொடுத்தால் முதலில் ஏழாவது பத்தியைப் படி.

கல் அடுத்த வருஷம் வரும். அதுவரை அந்த நீலப் பெயர் மழைக்கு நிற்கும், குளோரின் தொட்டிக்கு அடிக்கிற பெயிண்ட் அது, நானே சோதித்தது.

உன் அப்பா,
க்வமினா எசில்ஃபி

இதோடு காளை ரசீதின் நகல் வைத்திருக்கிறேன். அம்மா போட்டோவோடு வைத்துக்கொள்.