செம்பனையில் ஏது பொந்து?

அக்கா,

பசை ஸ்ப்ரேயின் வாடை கடை முழுக்க நிற்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக உங்கள் ஆந்தைப் படத்தை அட்டையில் ஒட்டினேன். ஆணி வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். இந்த வாடை அடித்தால் நீங்கள் கடைக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போட்டிக்கு முந்தைய வாரம் நம் புகைப்படக் கழகத்தார் எல்லோரும் தங்கள் படங்களை இந்த மேசையில்தான் அட்டையில் ஒட்டுவோம். நீங்கள் ஸ்கேலை வைத்து ஓரம் பார்ப்பீர்கள். நூலளவு கோணினாலும் பிய்த்து மறுபடி ஒட்டச் சொல்வீர்கள். பிய்த்தால் படம் கிழிந்துவிடும் என்று நான் கத்துவேன். "அப்ப முதலே நேரா ஒட்டியிருக்க வேணும், தம்பி" என்பீர்கள். நமக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் கடைசி வரை நான் தம்பிதான்.

இன்று நேராகத்தான் ஒட்டியிருக்கிறேன். கோபத்தோடு ஒட்டியும் நேராக வந்துவிட்டது. அந்தக் கோபத்தைக் கொட்ட ஆளில்லாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அதில் பாதி உங்கள் மேலேயேதான்.

போன மாதம் குணா கடைக்கு வந்தான். கழகத்தின் செயலாளர் இப்போது அவன்தான். சுருட்டிக் கொண்டுவந்த ஒரு படத்தை மேசைமேல் விரித்தான்.

"அக்காவோட ஆந்தைண்ணே. தலைவர்தான் போட்டிக்கு அனுப்பச் சொன்னாரு. இயற்கைப் பிரிவுல முதல் பரிசு. ஞாயித்துக்கிழமை அக்கா மக சுபா வந்து கப்பு வாங்கிக்கும். ஒட்டுறதுக்கு ஸ்ப்ரே ஒண்ணு குடுங்க."

ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். ஆந்தை உங்களுடையதுதான். அந்த வெள்ளை முகம் எனக்கு மறக்குமா? ஆனால் அது உட்கார்ந்திருந்த பலகைப் பெட்டியைக் காணோம். பெட்டி இருந்த இடத்தில் பாசி படர்ந்த ஒரு பெரிய மரம். அதில் அளவெடுத்துத் தோண்டியது போல வட்டமாக ஒரு பொந்து.

"என்னடா இது?"

"பெட்டி பாக்க அசிங்கமா இருந்துச்சுலா. ஏஐல குடுத்தேன், டக்குனு மாத்திக் குடுத்துருச்சு. நல்லா வந்துருக்கில்ல?"

"இது பாடாங் மேஹா தோட்டத்துல எடுத்த படம்டா. சுத்திலும் செம்பனை. செம்பனையில ஏதுடா பொந்து?"

"நடுவருக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. அக்காவுக்கு மரியாதை பண்றோம். நீங்க ஏன் நடுவுல பூந்து சுசா பண்றீங்க?"

ஸ்ப்ரே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு நேர் எதிர் அலமாரியில் டின் டின்னாக அடுக்கியிருந்தது. அவனும் பார்த்தான். படத்தைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அந்தப் படத்துக்கு நாம் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்? நம் ஊர் கரங்கானிலிருந்து விடிவதற்கு முன் என் வேனில் கிளம்பினோம். உங்கள் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்பதால் நுழைவாயிலில் இருந்த காவலாளி உங்களை உள்ளே விட்டுவிட்டார். என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். எண்ணெய்க்காக நட்ட செம்பனை வரிசைக்கு நடுவில் ஒரு கம்பத்தின் உச்சியில் அந்தப் பெட்டி. எலியைப் பிடிக்கட்டும் என்று ஆந்தைக்காகத் தோட்டத்தார் வைத்தது. பெட்டியின் நெற்றியில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதியிருந்தது. நீங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவுக்குப் பின்னால் கல்லாகிவிட்டீர்கள். எனக்குக் கொசு. கை ஓங்கினால் கண்ணாலேயே அதட்டுவீர்கள். வெளிச்சம் லேசாக வந்த நேரத்தில் ஆந்தை வந்தது. சத்தமே இல்லை. பெட்டியின் விளிம்பில் இறங்கி, உங்களைப் பார்த்தது. அலகில் ஓர் எலி, வால் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தை எடுத்த கையோடு சுபாவுக்கு போன் போட்டீர்கள். தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பி, "எலியோட வந்தது பிள்ளை, எலியோட" என்று குழந்தை மாதிரிச் சொன்னீர்கள். உங்களை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதை இயற்கைப் பிரிவுக்கு அனுப்புங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். நீங்கள் முடியாது என்றீர்கள். மனிதன் செய்த பொருள் எதுவும் படத்தில் தெரியக்கூடாது, இருந்ததை எடுக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. அந்தப் பிரிவின் விதி அது. எழுதியவரே நீங்கள்தான். நில அலுவலகத்தில் வரைபடம் வரைந்தே ஓய்வு பெற்றவர், எல்லைக்கோடு ஓர் இழை நகர்ந்தாலும் விடமாட்டீர்கள். "பெட்டி இல்லாட்டி அந்த ஆந்தைக்கு அங்க என்ன வேலை? பெட்டியும் சேர்ந்ததுதான் படம்" என்று சொல்லிப் பொதுப் பிரிவில் போட்டீர்கள். ஆறுதல் பரிசுகூட வரவில்லை. நீங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் வயிறெரிந்தது.

வயிற்றெரிச்சல் என்றதும் என்னுடைய மழைப் படம் ஞாபகத்துக்கு வருகிறது. இத்தனை வருடம் ஆகியும் அது ஆறவில்லை, அக்கா. கடைக்கு எதிரே பாசார் மாலாம் சந்தை கூடும் இரவு. திடீர் மழை. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு கிழவி, சிரித்துக்கொண்டே அப்பம் சுடுகிறாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கழகமே அதற்குத்தான் பரிசு என்று பேசியது. நடுவருக்குப் போகும் முன் படங்களைச் சரிபார்ப்பவர் நீங்கள்தானே, வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தீர்கள். ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில், தலைகீழாகக்கூட இல்லை, இடம் வலம் மாறி, என் கடைப் பலகை தெரிந்தது. படம் யாருடையது என்று காட்டும் எதுவும் படத்துக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. தள்ளிவிட்டீர்கள்.

"பினாங்குலேருந்து வர்ற நடுவருக்கு கரங்கான்ல இருக்கற என் கடை எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்க ஏலாது, தம்பி. கோவிக்காதையும்."

கோபித்தேன். நீங்கள் தேவையே இல்லாமல் கடைக்கு வந்து கொக்கி, தாழ்ப்பாள் என்று எதையெதையோ வாங்கிப் போனீர்கள். நான் பொட்டலம் கட்டித் தந்தேன், முகம் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் அத்தனை கதவே கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்த முடிவு அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். நீங்கள் எதிரில் இருந்தால் இப்போதும் சண்டைக்கு வருவேன்.

குணா போனதும் தலைவருக்கு போன் செய்தேன். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, இன்சூரன்ஸ் விற்ற வாய். மறைந்த உறுப்பினரின் படத்தைச் செயற்குழு அனுப்பலாம் என்று இந்த வருடம் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்களாம். அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை, பொந்தைப் பற்றித்தான் பேச்சு என்றேன்.

"தம்பி, அந்தம்மா பேர்ல ஒரு கப்பு போவுது. நல்ல காரியம். இதுல போயி விதியத் தூக்கிட்டு வர்றீங்களே" என்றார்.

"விதிய எழுதுனதே அவங்கதான்" என்றேன்.

"அவங்கதான் இப்ப இல்லையே" என்றார்.

அக்கா, அந்த ஒரு சொல்லுக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆள் இல்லையென்றால் அவர் படத்தில் கை வைக்கலாம், அவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்லலாம், அதற்குக் கப்பும் கொடுக்கலாம், அதன் பெயர் மரியாதை. உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்ட அதே கைகள்.

பரிசு கொடுப்பதற்கு முன் எந்த உறுப்பினரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், சந்தேகம் வந்தால் கேமராவில் பதிந்த மூலப்படத்தைக் காட்ட வேண்டும். அதுவும் நீங்கள் எழுதியதுதான். மூலப்படம் சுபாவிடம் இருந்தது. பட்டர்வொர்த்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கப்பு வாங்கப் போகும்போது கட்டிக்கொள்ள எடுத்த சேலையை அந்தப் பெண் என்னிடம் காட்டியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் சேலையை மடித்து வைத்தாள்.

"அம்மாவுக்கு ஒரு தடவகூட கப்பு கெடைக்கல, அங்கிள். அவங்க படத்த அவங்களே ஏதாவது ரூல் சொல்லித் தள்ளிக்குவாங்க. இப்பத்தான் ஒண்ணு வருது. அதையும் நீங்க புடுங்கணுமா?"

"கப்ப புடுங்க வரலம்மா."

"அந்த மழைப் படத்துக்குப் பழிவாங்குறீங்களா?"

எழுந்து வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவளே பேசினாள். "அன்னைக்கு அம்மா வீட்டுக்கு வந்து சோறு திங்கல. அந்த வருஷத்துல நல்ல படமே அதுதான், என் கையாலயே தள்ளிட்டேன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

இல்லை. சொல்லவில்லை. கொக்கி வாங்கினீர்கள், தாழ்ப்பாள் வாங்கினீர்கள், இதைச் சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தைதானே, அக்கா? சொல்லியிருந்தால் நான் உங்களோடு பேசாமல் இருந்த அந்த நாட்கள் எனக்கு மிஞ்சியிருக்கும். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் அதுதான். படத்தைத் தள்ளியதற்கல்ல.

கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் குணா போட்டிருந்த படத்தை என் போனில் எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் கணினியில் மூலப்படத்தைத் திறந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டி போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பெரிதாக்கினாள்.

"எலி எங்க?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். பெட்டியோடு எலியையும் துடைத்திருந்தார்கள். ஆந்தை வெறும் அலகோடு, பொம்மை மாதிரி, பொந்தில் உட்கார்ந்திருந்தது.

"எலி எங்க, அங்கிள்? அம்மா எலின்னுதானே என்னைய எழுப்புனாங்க" என்றாள். பிறகு மூலப்படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கையில் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆட்சேபனையை நீட்டியபோது தலைவர் அதைப் படிக்கவே இல்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்றார். நான் மைக்கருகே போய் நின்றுகொண்டேன். எனக்கு மேடைப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். இந்தப் படத்தில் பெட்டி இருந்தது, எலி இருந்தது, இரண்டையும் எடுத்துவிட்டார்கள், இதை அக்கா எடுக்கவில்லை என்றேன். பென்டிரைவை மேசைமேல் வைத்தேன். முன்வரிசையில் யாரோ, "செத்தவங்களுக்கே இப்படிப் பண்றாரே" என்று சொன்னது காதில் விழுந்தது.

"குடும்பத்துக்குச் சம்மதம்னா நீங்க யாரு தம்பி நடுவுல?" என்று தலைவர் கேட்டார்.

பின்வரிசையில் சுபா எழுந்தாள். அந்தப் புதுச் சேலையில்தான் வந்திருந்தாள். "குடும்பத்துக்குச் சம்மதம் இல்ல" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

கப்பு யாரோ எடுத்த ஒரு தும்பிக்குப் போனது. கழகத்தில் பாதிப்பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. தலைவர் பெயிண்ட் வாங்கக்கூட வேறு கடைக்குப் போகிறார். போகட்டும். உங்களுக்குக் கிடைக்கவிருந்த ஒரே கப்பை நான்தான் கெடுத்தேன் என்று நினைக்கும்போது இராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஆனால் விட்டிருந்தாலும் தூக்கம் வந்திருக்காது.

விழாவுக்குப் பிறகு பொந்துப் படத்தைக் குணா அட்டையோடு என் மேசையில் போட்டுவிட்டுப் போனான். கிழிக்கத்தான் எடுத்தேன். பிறகு திருப்பினேன். தள்ளிய படங்களின் முதுகில் வலது மூலையில் பென்சிலால் காரணம் எழுதுவீர்களே, என் மழைப் படத்திலும் இருக்கிறது, "தள்ளுபடி, கண்ணாடியில் கடைப் பெயர்" என்று. அதே மூலையில், அதே மாதிரி எழுதினேன்: தள்ளுபடி, எலி இல்லை. அதன் முகத்தின் மேல்தான் இன்று காலை மூலத்திலிருந்து அச்சிட்ட உங்கள் படத்தை ஒட்டினேன். பெட்டி, மஞ்சள் எண், தொங்கும் வால், எல்லாம் இருக்கின்றன.

கல்லாவுக்கு மேல் மழைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் ஓரத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குகிறேன். எடுத்து முடித்ததும் உங்கள் மேல் எரிச்சலாக வருகிறது. பழகிவிட்டது.

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாரே, அந்த ஆணிக்காரர், வாடை அடங்கியதும் உள்ளே வந்து இரண்டு படத்தையும் அண்ணாந்து பார்த்தார்.

"எதுண்ணே பிரைஸ் வாங்குன படம்?"

"ரெண்டும் தள்ளுன படம்" என்றேன்.