வியாழக்கிழமை பழக்கிய கொப்பரை

என் ஒட்டகக் குட்டி பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா, கை கால் சுகமா, நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுக் குழந்தைகள் சுகமா? இங்கே நாங்கள் நலம், ஆடுகள் நலம், மாடுகள் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, முழங்காலுக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லாததால் வாய் நன்றாகவே வேலை செய்கிறது. மேய்ச்சல் மலைக்கு ஏறிவிட்டோம், இங்கே போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். பக்கத்துக் கூடாரத்து துர்சுனின் மகள் நீ இருக்கும் இஸ்தான்புல்லுக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே காய்ந்த தயிர் உருண்டையும் வருகிறது, எல்லோருக்கும் பங்கு வைக்காமல் நீயே தின்னு.

உன் அப்பாவின் கூத்தைக் கேள். உப்பும் மாவும் வாங்க ஆட்பாஷி சந்தைக்குப் போன மனிதர் ஒரு கொப்பரையோடு வந்து நின்றார். வார்ப்பிரும்பு, உள்ளே முழு ஆட்டைப் போட்டு மூடலாம், அவ்வளவு பெரிது. யார் வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எத்தனை மழையில் கிடந்ததோ, துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "ஏன் கிழவா, நாம இருக்கறதே ரெண்டு வாய், இதுல யாரை வேக வைக்கப்போற, உன்னையா?" என்று கேட்டேன். "ரோமம் கத்தரிக்க ஆளுங்க வருவாங்கல்ல, அவங்களுக்குத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இவ்வளவு பெரிய கொப்பரையை எதற்கு வாங்குவார்கள் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? கல்யாணத்துக்கு வாங்குவார்கள், இல்லையென்றால் செத்தவருக்கு ஊரைக் கூட்டி நினைவு விருந்து போட வாங்குவார்கள். உனக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டாய். அப்படியென்றால் விருந்து யாருக்கு? மீன்பிடிக் கப்பலில் ஏறப்போகிறேன் என்று உன் அண்ணன் குபத் ரஷ்யாவின் அந்தக் கோடியிலிருந்து பேசினதுதான் கடைசி, கப்பல் திரும்பவில்லை என்றார்கள், ஆளும் கிடைக்கவில்லை உடலும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனைச் செத்தவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள், நான் முடிவுகட்டவில்லை. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் எண்ணெயில் மாவைப் பொரித்து வாசனை விட்டு நம் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேனே, அதில் என் மாமியார் பெயர் உண்டு, என் அப்பா பெயர் உண்டு, குபத்தின் பெயரை என் வாய் இதுவரை சொன்னதில்லை. அந்த வாசனைக்கு வருகிறவர்கள் செத்தவர்கள்தான். பெற்ற பிள்ளையை நானே எப்படி அந்தப் பக்கம் தள்ளுவேன், சொல்.

வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று எதுவும் கேட்காமல் துரு தேய்க்க நானும் கூட உட்கார்ந்தேன். ஓடை மணலும் செங்கல் துண்டும் போட்டுத் தேய்த்ததில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. "குபத் இருந்தா அந்தப் பாதிச் சுண்டுவிரல் கையாலேயே மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பான்" என்றார் உன் அப்பா. புல்வெட்டும் இயந்திரம் அவன் விரலைத் தின்ற அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தது நீதானே. "'இருந்தா'ன்னு சொல்லாதே, 'வந்தா'ன்னு சொல்லு" என்று நான் கத்தினேன். பிறகு கொப்பரையைக் கவிழ்த்து வறட்டித் தீயில் சுட்டோம், உப்பைக் கொட்டிப் பழுப்பாகும்வரை வறுத்தோம், அந்த உப்பைத் தூரக் கொட்டிவிட்டுச் சுடுநீரில் திரும்பத் திரும்பக் கழுவி அடுப்பிலேயே காயவைத்து ஆட்டு வால்கொழுப்பைத் தேய்த்தோம். நீயும் அங்கே பழைய சட்டி எதுவும் வாங்கினால் ஒன்று ஞாபகம் வை, எண்ணெயில் பழக்கி முடிக்காத இரும்பை ஈரக் கையால் தொடாதே, தொட்ட இடம் விடிவதற்குள் துருப் பூத்துவிடும்.

எண்ணெய் ஊற்றிப் புகைய விடுவது மட்டும்தான் பாக்கி. நான் மாடு கறக்கப் போயிருந்தேன். மலைக்கு வந்தால் கிழமை மறந்துபோகும், அதுதான் வினையாகிவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் நீலப் புகை கூடாரத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டிக் கணவாய்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு புல் அசையவில்லை, காற்றே இல்லை, புகை மட்டும் வழி தெரிந்த மாதிரி போகிறது. அட கடவுளே, இன்று வியாழக்கிழமை அல்லவா என்று அப்போதுதான் உறைத்தது. மாவு பிசையவில்லை, ஒரு வார்த்தை ஓதவில்லை, யார் பெயரும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் விட்ட வாசனைக்குப் பசித்த எவரும் வரலாம். பால் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "என்ன காரியம் பண்ணின, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். "எண்ணெய்க்குக் கிழமை தெரியுமா, போ கிழவி" என்று திரும்பினார். அவர் பார்த்தது நம் அக்தோஷை. அந்த நாய் இந்த வயதிலும் உன் அப்பாவைப் பார்த்தே உறுமும், அது வாலாட்டினது உன் அண்ணன் ஒருவனுக்குத்தான். அது எழுந்து கணவாய்ப் பாதையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே போனது, பிறகு யாருடனோ கூடவே திரும்பி நடந்து வந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. சொறிந்துவிட்டால் உதறுமே பின்னங்காலை, அப்படி உதறியது. ஆடுகள் அத்தனையும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அடுப்பையே பார்த்தன. கொஞ்ச நேரத்தில் நாய் ஓடைக்கரைவரை போய் அங்கேயே உட்கார்ந்து ஊளையிட்டது. உன் அப்பா தீயை அணைத்தார். கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் படுத்துவிட்டோம்.

காலையில் போய்ப் பார்த்தேன் பெர்மெத். கொப்பரை முழுக்கக் கன்னங்கரேலென்று மின்னுகிறது, விளிம்பில் மட்டும் செந்துரு, கை வடிவில். நாலு விரல் உள்பக்கம், கட்டைவிரல் வெளிப்பக்கம். இறைச்சி வெந்துவிட்டதா என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பானே அவன், நானும் கரண்டியால் அடிப்பேனே, அதே பிடி. சுண்டுவிரல் பாதியில் நின்றிருந்தது. "என் கைதான் பட்டிருக்கும்" என்றார் உன் அப்பா. அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன், பொருந்தவில்லை. தொட்டுப் பார்த்தேன், வெயில் ஏறிய பிறகும் அந்த இடம் ஈரம். விரலை நாக்கில் வைத்தேன், உப்பு, அந்த உப்புக்கு அடியில் ஒரு கசப்பு. "உப்பு வறுத்தோமே, அதுதான்" என்றார். வறுத்த உப்பு கசக்குமா? அத்தனை தண்ணீரில் கழுவினோமே. "அப்போ நீ அழுத தண்ணி" என்றார். நான் அதுவரை அழவே இல்லை.

அதற்கப்புறம் அவர் அடுப்புக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவனுக்கு விருந்து போடத்தான் வாங்கினேன் கலிபா. இத்தனை வருஷமா நம்ம புள்ளையை வெளியவே நிக்க வெச்சிருக்கோம். மத்தவங்க எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போறாங்க, அவனை மட்டும் நீ கூப்பிடறதில்ல. அவனுக்குப் பசிக்காதா?" என்றார். அவனை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் இருந்தேன், பட்டினி போடுகிறேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நேற்று மறுபடி வியாழக்கிழமை, மாவு பிசைந்து பொரித்தேன், மாமியார் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தேன், வரவில்லை. நாய் ஓடைக்கரையை விட்டு அசையவில்லை. உன் அப்பா கொப்பரை முழுக்க மறுபடி எண்ணெய் பூசினார், அந்தக் கையை மட்டும் விட்டுவிட்டார், நான்தான் விடச் சொன்னேன். இன்று காலையிலும் அது ஈரமாகத்தான் இருக்கிறது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, வேலைக்காரிதானே என்று யாராவது குரலை உயர்த்தினால் பொறுத்துக்கொண்டிருக்காதே. உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், போன இடத்தில் உன் பெயர் நல்லதாக இருக்கட்டும், போன கால்களோடு வீடு திரும்பு என்று இரு கைகளையும் முகத்தில் தடவி வேண்டிக்கொள்கிறேன். ஒரே ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். நான் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை, நீ கடலோரத்தில் இருக்கிறாய். போய் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார். வெறும் உப்பென்றால் அது நாங்கள் வறுத்த உப்புதான் என்று உன் அப்பா சொன்னது சரி, நான் இன்னும் காத்திருப்பேன். உப்புக்கு அடியில் கசந்தால் கீழே ஊரில் இருக்கும் துர்சுனின் மருமகனுக்குப் போன் போட்டு "கசக்குது" என்று மட்டும் சொல், அவன் குதிரையில் ஏறி வந்து எனக்குச் சொல்லிவிடுவான். அந்த வியாழக்கிழமையே அவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். தாமதிக்காதே மகளே, உன் அண்ணன் ஈரக் கையோடு ஓடைக்கரையில் நிற்கிறான், பசியோடு நிற்கிறான்.

உன் அம்மா,
கலிபா