எஜமானியம்மாவின் பட்டினி

மாசசூசெட்ஸ், 1646,
அறுவடை முடிந்த வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் டார்கஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி? தம்பிக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு விஷயம் நடந்தது, கவலைப்படாதீர்கள். நான் வேலை செய்யும் வீட்டின் எஜமானி ப்ரூடன்ஸ் சாப்பிடுவதை விட்டுவிட்டார். பரலோகத்துக்கென்று தேவன் முன்னமே தெரிந்தெடுத்தவர்களில் தான் இல்லை, தனக்கு நரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். போதகர் வந்து ஜெபித்தார். கணவர் கெஞ்சி அழுதார். எதற்கும் அசையவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டார்.

நான் சோளக்கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நரகத்துக்குப் போறவளுக்கு எதுக்குடி கஞ்சி?" என்றார்.

"போறீங்கன்னு யாரும்மா சொன்னா?"

"எனக்கே தெரியும்."

"கர்த்தர் மனசுல இருக்கிறது போதகருக்கே தெரியாதாம். உங்களுக்கு மட்டும் சொல்லிட்டாரா? இது பெருமைங்கிற பாவம் இல்லையா?"

என்னையே வெறித்துப் பார்த்தார். "உனக்கு வாய் ரொம்ப நீளம்டி" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது சாப்பிடுகிறார், கஞ்சியில் உப்பில்லை என்று திட்டவும் செய்கிறார்.

எனக்குத்தான் அன்று முதல் தூக்கம் சரியில்லை. அவருக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமே. என் முடிவும் எனக்குத் தெரியாது.

தையல் ஊசியும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள், இங்கே குளிர் கடுமை. இன்னொன்று. தேவன் என்னைத் தெரிந்தெடுத்ததற்கு அடையாளம் ஏதாவது சிறுவயதில் என்னிடம் கண்டீர்களா? கண்டிருந்தால் எழுதுங்கள். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிற ஆள் கூப்பிடுகிறான். அடையாளம் எதையும் காணவில்லை என்றால் காலுறை மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
டார்கஸ்