டவுனிலேயே நின்றுபோன நீலக் கார்

உன் காரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். இன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. நீலத்தை அழித்துவிட்டுச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் வாங்குப் பலகை போல ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். நம்பரைப் பார்க்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "லேடி டொக்டர் பாவித்தது. மேட்டில் ஓடாத கார்."

நான் போனை மேசையில் வைத்த சத்தத்தில், பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தார். "என்ன சேர், சாவுச் சேதியா, யாரும் மோசம் போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீ போய் நாலு வருஷம்தானே ஆகிறது.

லேடி டொக்டராம். தேயிலைக் கொழுந்து எடுத்த பாக்கியத்தின் மகன், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, சாதாரண தரப் பரீட்சையோடு கொழும்புக்குப் போன மெக்கானிக் ஓட்டிய கார் அது. அப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள்? தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆள் ஓட்டினான் என்றால் காருக்கே தீட்டு. காரிலிருந்து உன் பெயரையும் துடைத்துவிட்டார்கள், நீ ஏற்றிய மேடுகளையும் துடைத்துவிட்டார்கள்.

அந்தக் காரைச் செய்த ஜப்பான் கம்பெனியின் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. அதைத் தொடங்கியவரை 'நம்மாளு' என்றே சொல்வாய், ஏதோ நம் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவு லயத்தில் மூன்றாம் காம்பிரா அறையில் பிறந்தவர் போல. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் கார்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்தாய் அல்லவா, அங்கே பொறுக்கிய கதைகள். ஊருக்கு வரும்போதெல்லாம் நம் நோர்வூட் டவுன் தேத்தண்ணிக் கடையில் அவிழ்த்துவிடுவாய். எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை போலக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும் உனக்கு.

"யுத்தம் முடிஞ்சு சும்மா கெடந்த சின்ன இன்ஜின எடுத்து நம்மாளு பொஞ்சாதி சைக்கிள்ல பூட்டினான்டா. அவ மிதிச்சு மிதிச்சு சாமான் வாங்கப் போறத அவனுக்குப் பாக்க சகிக்கல. அப்பிடித்தான் ஆரம்பம்." பிறகு கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாய். "நம்ம பொம்பளைங்க எத்தன காலமா மலையில கூடை சுமக்குறாங்க. எந்த தொரைக்காவது சகிக்காம போச்சா?"

அதைவிட உனக்குப் பிடித்தது இன்னொரு கதை. மோட்டார் சைக்கிள் செய்து பேர் வாங்கிய பிறகு நம்மாளு கார் செய்ய ஆசைப்பட்டார். கார் செய்ய இருக்கிற கம்பெனிகள் போதும், நீ சைக்கிளோடு நில் என்றார்கள் அங்கேயிருந்த அரசாங்க அதிகாரிகள். அதற்குச் சட்டமே கொண்டுவரப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. சட்டம் வருவதற்குள் அவசர அவசரமாக ஒரு குட்டி லொறியையும், இரண்டு பேர் உட்காருகிற ஒரு குட்டி வேகக் காரையும் செய்து ரோட்டில் விட்டுவிட்டார். "மொதக் காரே வெளாட்டுக் கார்டா," என்பாய். "பின் வீலுக்கு பைக் மாதிரி செயின் போட்டிருந்தான். யாருக்கிட்டயும் கேக்கல. செஞ்சு காட்டினான்."

இந்த வரியை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

பெற்றோல் விலை உலகம் முழுக்க ஏறியபோது அவர்களுடைய சின்னக் கார் எப்படிக் கரை சேர்ந்தது, பணக்காரர்கள் மட்டும் ஓட்டிய வேகத்தைச் சம்பளக்காரனும் ஓட்டும்படி மூன்று கதவு வைத்து எப்படி இறக்கினார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்த இன்ஜினுக்கு வருவாய். ஒரே இன்ஜினுக்குள் இரண்டு குணம். மெதுவாகப் போனால் சம்பா மூட்டை ஏற்றிக்கொண்டு சாதுவாகப் போகும், சொட்டு சொட்டாகத்தான் குடிக்கும். மிதித்துச் சுழற்றினால் உள்ளே வேறொரு பல் மாட்டி, மூச்சு விடுகிற விதமே மாறிவிடும். எனக்கு இதெல்லாம் விளங்கியதில்லை. உன் காரில் ஏறிய அன்றுதான் விளங்கியது.

முன்பக்கம் நசுங்கி யாரும் சீந்தாமல் அங்கே கிடந்த அந்தக் காரை நீ இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுப்போட்டு எடுத்தாய். கொழும்பு வேலையை விட்டு, நோர்வூட்டில் ரஹீம் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் கராஜ் போட வந்தபோது அதிலேதான் வந்தாய். என்னை ஏற்றிக்கொண்டு பொகவந்தலாவை ரோட்டில் போனாய். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. சீட் தாழ்வு, தரையில் உட்கார்ந்த மாதிரி. ஒரு ஏற்றத்தில் கியரைக் குறைத்தாய். மீட்டர் முள் ஏறியது, ஏறியது, இன்ஜின் இனி வெடிக்கப் போகிறது என்று நான் கதவைப் பிடித்தேன். அந்த இடத்தில் சத்தம் வேறாக மாறி, கார் மலையாடு போல வளைவுக்குள் பாய்ந்தது.

"பயந்துட்டியா வாத்தி? இப்பதான் வாயத் தொறக்குறா," என்றாய். "காசுக்காரன் காரெல்லாம் நேர் ரோட்டுக்கு செஞ்சது. இது வளைவுக்குச் செஞ்சது. நமக்கு நேர் ரோடு எங்கடா இருக்கு?"

திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை என்னிடம் தந்தாய். நான் லைசன்ஸ் எடுத்து ஏழு வருஷமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் வேனைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. "ஒன் பெரம்ப புடிக்கிற மாதிரி புடிக்காத, அது ஓடிப்போகாது," என்று திட்டித் திட்டியே ஓட்டவைத்தாய். அதற்குப் பிறகு பல தடவை ஓட்டியிருக்கிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அன்று டவுனில் ஸ்டியரிங்கை மறுபடி நீ வாங்கிக்கொண்டாய். நாம் வந்து நின்றது தோட்டத்துக் கேட் முன்னால். பாதைக்குக் குறுக்கே ஏறி இறங்குகிற ஒரு கம்பு, மறுமுனையில் எடைக்குக் கட்டிய கல், பக்கத்தில் வாச்சரின் தகரக் காவல் கூடு. அங்கேயிருந்து லயத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். கம்பு மேலேதான் இருந்தது. மீன்காரரின் வேன் தினமும் போகிறது, கட்டில் மெத்தை தவணைக்கு விற்கிறவனின் வேன் போகிறது. அவர்கள் யாரும் யாரையும் கேட்டதில்லை. நீ பிரேக்கில் கால் வைத்தபடி என்னைப் பார்த்தாய்.

"என்னடா, கொண்டுபோயிரவா?"

நான்தான் சொன்னேன். இதை எங்கே சொன்னாலும் நீதான் கேட்கச் சொன்னாய் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன், உன் மனைவி பரமேசிடம் கூட. இல்லை, நான்தான் சொன்னேன். "வேணாம் மச்சான். மொறையா ஒரு லெட்டர் குடுத்துட்டு கொண்டுபோவோம். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

லயத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் நான்தானே லெட்டர். கூரைத் தகரத்துக்கு, தண்ணீர்ப் பைப்புக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு. எனக்கு அதில் ஒரு பெருமை. நம் அப்பாமார் தோட்டத்துத் துரை வந்தால் மரியாதைக்குக் குடையை மடக்கினார்கள். நான் படித்தவன், அதனால் இங்கிலீஷில் மடக்கினேன். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். 'தாழ்மையுடன்' என்று இரண்டு இடத்தில் போட்டேன். லயத்து முனையில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதினேன். நீ வாங்கிக் கையெழுத்து வைத்தாய். யாரிடமும் கேட்காத நம்மாளின் கதையை ஊரெல்லாம் சொன்னவன், என் பேச்சைக் கேட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவையாவது 'போடா வாத்தி' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

பதில் மூன்றே வரி. தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது. குடியிருப்பாளர்களின் சொந்த வாகனங்களை லயத்தருகே நிறுத்த இடமில்லை. கொட்டகை போட்டால் அனுமதியற்ற கட்டிடமாகக் கருதப்படும். இருநூறு வருஷம் அந்த மண்ணில் பிணமாகப் புதைய இடமிருந்தது, ஒரு சின்னக் கார் நிற்க இடமில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அவர்களும் பார்க்காததுபோல் இருந்திருப்பார்கள். எழுத்தில் கேட்டோம், எழுத்தில் மறுத்தார்கள். உன் கார் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாச்சரின் கூட்டில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு உன் கார் ஒன்றுதான் அந்தப் பாதையில் போகக் கூடாத கார்.

"பரவால்லடா," என்றாய். "ரஹீம் நானா கடையில எடம் தாராரு. நடக்குறது ஒடம்புக்கு நல்லது."

பொங்கலுக்கு உன் அம்மா காரைப் பார்க்க ஆசைப்பட்டார். புதுச் சேலை கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் இறங்கி வந்தார். ஹட்டன் வரை கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினாய். ஜன்னலை இறக்கி இறக்கி ஏற்றினார். வரும்போது கேட் முன்னால் அம்மாவை இறக்கிவிட்டாய், அவர் சாமான் பையைத் தலையில் வைத்து மேலே நடந்தார். பின்னால் வந்த மீன்காரரின் வேன் அவரைத் தாண்டி மேலே போனது. நீ காரை டவுனுக்குத் திருப்பினாய். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும்.

நீ போன அந்தப் புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் என்று கராஜைத் திறக்கவில்லை. ஸ்கூல் லீவு, நான் பேச்சுத் துணைக்கு உன் லயத்து வீட்டுக்கு வந்திருந்தேன். பகல் பதினொரு மணியிருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தாய். பரமேஸ் கத்தினாள். டவுனுக்குப் போன் பண்ணி ஆட்டோவுக்குச் சொன்னேன். ஏறி வர அரை மணியாகும் என்றான். உன் சட்டைப் பையில் கார்ச் சாவி இருந்தது. ஓட்டத் தெரிந்த நான் பக்கத்தில் இருந்தேன். கார் இரண்டு மைலுக்குக் கீழே, டவுனில் ரஹீம் நானாவின் கடைக்குப் பின்னால் இருந்தது.

அது லயத்து வாசலில் நின்றிருந்தால் பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அந்த வளைவுகளுக்கென்றே செய்த கார் அது.

மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள், தோட்டத்து லொறி நின்றது. உன்னைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். "கண்டாக்கையா சொல்லாம எப்பிடிங்க எடுக்குறது," என்றார் லொறிக்காரர். கெட்டவர் இல்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். மலை மேலே வேலையை மேற்பார்த்து நின்ற அந்தக் கண்டக்டர் ஐயாவைத் தேடி ஆள் ஓடியது. அந்த நேரத்தில் கூட, மச்சான், நான் லொறியில் ஏறிச் சாவியைத் திருகவில்லை. வரிசையில் நிற்கிறவன் போல நின்றேன். கடைசியில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே உன்னைக் கிடத்திக் கொண்டுபோனோம். என் மடியில்தான் உன் தலை. பாதி வழியில் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். லொறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் முன்னே வந்திருந்தால் என்று டொக்டர் சொன்னார். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எனக்கு எத்தனை நிமிஷம் என்று தெரியும்.

பரமேஸ் ஒரு வருஷம் காரை விற்கவில்லை. எவ்வளவு நாளும் நிற்கட்டும் என்றார் ரஹீம் நானா. மழை ஈரத்தில் அடிப்பக்கம் துருப்பிடிக்கத் தொடங்கியதும் அவரே கண்டியில் ஆள் பிடித்து விற்றுக்கொடுத்தார். கராஜ் பூட்டியே கிடக்கிறது.

போன மாதம் கீழ் லயத்துச் செல்வம் வந்தான். காய்கறி ஏற்ற ஒரு பழைய வேன் எடுத்திருக்கிறான். கையில் வெள்ளைத் தாளும் பேனையும். "சேர், கேட்ல உள்ள வுடச் சொல்லி ஒரு லெட்டர் எழுதித் தாங்க," என்றான். தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடு என்றேன்.

கம்பு இறங்கியிருந்தது. வாச்சர் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "லெட்டர் இருக்குங்களா சேர்?" என்றார்.

"இல்ல. இனிமே எழுதவும் மாட்டேன். கேட்டா வாத்தியாரு தொறந்தாருன்னு சொல்லுங்க."

இறங்கிப் போய்க் கம்பைப் பிடித்தேன். தூக்கினேன். மறுமுனையில் கல் இருந்ததால் இரண்டு விரலால் தூக்கியதிலேயே மேலே போய்விட்டது. வேன் உள்ளே போனது. இன்று வரை செல்வத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு வரி வரவில்லை.

அந்தக் கம்பு கொஞ்சம் கனமாக இருந்திருந்தால், மச்சான், என்னை நான் மன்னித்திருப்பேன்.